பிளேஸ்டேஷன் எமுலேட்டர்: எது குற்றம், எது இல்லை

ஓர் இயந்திரத்துக்கான விளையாட்டை வேறு கணினியில் ஓடவைக்கும் மென்பொருள்தான் எமுலேட்டர். அது என்றாலே திருட்டு என்பவர்கள் உண்டு. விற்பனை நின்றுபோன விளையாட்டை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. சோனி நிறுவனத்தின் விளையாட்டு இயந்திரமான முதல் பிளேஸ்டேஷனை வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

அதன் சிபியு 33.87 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்3000 வகை. அதற்கென எழுதிய கட்டளைகளை நம் கணினியின் சிபியுவுக்குப் புரியும்படி மாற்றுகிறது எமுலேட்டர். கிராபிக்ஸ் சிப், ஒலிச் சிப், சிடி டிரைவ் ஆகியவை நடந்துகொள்ளும் விதத்தையும் மென்பொருளாகவே செய்து காட்டுகிறது. இதற்குச் சோனியின் நிரல் ஒரு வரிகூட வேண்டாம். சிக்கல், இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் 512 கிலோபைட் நிரலான பயாஸில்தான். அது சோனியின் உடைமை.

1999-ல் கனெக்டிக்ஸ் நிறுவனம் மேக் கணினிக்கு ‘வர்ச்சுவல் கேம் ஸ்டேஷன்’ கொண்டுவந்தது. தயாரிப்பின்போது சோனியின் பயாஸைத் திரும்பத் திரும்ப நகலெடுத்து ஆராய்ந்தார்கள்; ஆனால் விற்ற பொருளில் இருந்தது அவர்களே எழுதிய பயாஸ். சோனி வழக்குப் போட்டது. ஆராய்ச்சிக்காக எடுத்த அந்த நகல்கள் நியாயமான பயன்பாடுதான் என்று 2000 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே சோனி அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 2018-ல் சோனி விற்ற ‘பிளேஸ்டேஷன் கிளாசிக்’ பெட்டிக்குள் ஓடியது வெளியார் எழுதிய ஒரு திறமூல எமுலேட்டர்.

விளையாட்டின் கதை வேறு. 1997-ல் ஒரு நிறுவனம் வெளியிட்ட விளையாட்டுக்கு அமெரிக்காவில் 95 ஆண்டுக் காப்புரிமை (காப்பிரைட்), அதாவது 2092 முடியும்வரை. கடையில் கிடைக்கவில்லை என்பதால் அது ஒருநாள்கூடக் குறையாது. சொந்த டிஸ்க் வைத்திருப்பவருக்கு மட்டும் கொஞ்சம் இடம் உண்டு: இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர் இழப்பு, சேதத்துக்கு எதிராகக் காப்பு நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. டிஸ்கை விற்றுவிட்டு நகலை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த நியாயம் போய்விடும்.

நகலெடுக்கும்போது ஐஎஸ்ஓ கோப்பாக எடுக்காதீர்கள். அது டிஸ்கின் ஒவ்வொரு செக்டரிலும் (தரவுத் துண்டிலும்) 2,048 பைட்டை மட்டும் வைத்துக்கொள்ளும். வீடியோவும் எக்ஸ்ஏ எனும் சுருக்கிய ஒலியும் இருக்கும் செக்டர்களில் தரவே 2,324 பைட். விளையாட்டு தொடங்கும், காட்சி வந்ததும் நின்றுபோகும். 2,352 பைட்டும் முழுதாக வரும் பின்-க்யூ (.bin/.cue) வடிவம்தான் சரி. லினக்ஸில் சிடிஆர்டிஏஓ (cdrdao) என்ற மென்பொருள் கொண்டு எடுத்தால் ஒலித் தடங்களில் பைட் வரிசை தலைகீழாகி, இசைக்குப் பதில் இரைச்சல் கேட்கும், மாற்றிக்கொள்ள வேண்டும். எடுத்த கோப்பின் ஹாஷை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியை, சரியான நகல்களின் விவரங்களைத் தொகுக்கும் ரீடம்ப் தளத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். தரவுத் தடம் பொருந்தி ஒலித் தடம் மட்டும் பொருந்தவில்லையென்றால், பெரும்பாலும் டிரைவின் ஆஃப்செட்தான் (ஒலியைச் சற்று முன்பின்னாகப் படிப்பதுதான்) காரணம், டிஸ்க் பழுதல்ல. ஐரோப்பியப் பதிப்புகள் சிலவற்றில் நகலெடுப்பதைத் தடுக்கும் லிப்கிரிப்ட் பூட்டு உண்டு. அதன் குறிகள் முக்கியத் தரவுக்கு வெளியே சப்சானல் என்ற துணைத் தரவில் இருப்பதால் ‘பின்’ கோப்பில் வராது. அந்தக் குறிகளைத் தாங்கிய எஸ்பிஐ கோப்பும் தனியாக வேண்டும்.

மற்றபடி பிளேஸ்டேஷன் டிஸ்கின் தரவு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்படாதது. புதிய இயந்திரங்களில் அப்படியில்லை. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் இயந்திரத்துக்கான எமுலேட்டர் யுசு மீது 2024-ல் அந்த நிறுவனம் தொடுத்த வழக்கு, பூட்டை உடைப்பதைத் தடுக்கும் சட்டத்தை முன்வைத்தது. 24 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு யுசு மூடப்பட்டது.

அறம் என்று பார்த்தால், இன்றும் விற்கும் விளையாட்டை இறக்கிக்கொண்டு ‘பாதுகாக்கிறேன்’ என்பது சால்ஜாப்பு. ஆனால் 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது விற்பனையிலேயே இல்லை என்கிறது 2023-ல் வெளியான வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஆய்வு. பழைய டிஸ்கைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினாலும் அதை உருவாக்கியவருக்கு ஒரு காசும் போகாது. ஆய்வாளர்கள் நூலகங்களின் விளையாட்டுகளைத் தொலைவிலிருந்து அணுகவாவது விடுங்கள் என்று கேட்டதையும் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. அது குறுகிய பார்வை.

ரசிகர் மொழிபெயர்ப்புக் குழுக்கள் பின்பற்றும் வழி நாணயமானது: முழு விளையாட்டைப் பகிராமல், மாறிய பைட்டுகள் மட்டும் உள்ள எக்ஸ்டெல்டா கோப்பைத் தருவார்கள். அதே பதிப்பின் சரியான நகல் உங்களிடம் இருந்தால்தான் அது ஒட்டும்.