கோல்டன் விசா கையில் இருந்தால் என்.ஆர்.ஐ. ஆகிவிடுவோமா?

2024 நவம்பரில் திருப்பூரைச் சேர்ந்த ஒரு பனியன் ஏற்றுமதியாளர், வரி ஆலோசனை தரும் என் அலுவலகத்துக்கு வந்தார். வெளிநாட்டுக் கணக்கும் சொத்தும் வைத்திருப்போர் அவற்றை ரிட்டர்னில் காட்டியிருக்கிறார்களா என்று சரிபார்க்கச் சொல்லி வருமான வரித் துறை அப்போது பலருக்கும் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது; அவருக்கும் ஒன்று வந்திருந்தது. ஆனால் அவரிடம் பதற்றம் எதுவும் தெரியவில்லை. “சார், இது எனக்கு வர வேண்டியதே இல்லை. நான்தான் என்.ஆர்.ஐ. ஆயிட்டேனே” என்று சொல்லி, ஐக்கிய அரபு அமீரகத்தின் அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடியை எடுத்து மேசை மேல் வைத்தார். துபாயில் 20 லட்சம் திர்ஹாமுக்கு ஒரு ஃபிளாட் வாங்கி, அதன் பேரில் பத்தாண்டு கோல்டன் விசா, அதாவது அங்கே நீண்டகாலம் தங்குவதற்கான அனுமதி, பெற்றிருந்தார்.

நான் அட்டையை ஓரமாக வைத்துவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். கோவையிலும் சென்னையிலும் விழுந்த முத்திரைகளைப் பார்த்து, பழைய நாட்காட்டி ஒன்றில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனதில், 2023-24 நிதியாண்டில் அவர் இந்தியாவில் இருந்தது 297 நாட்கள் என்று வந்தது. அவர் முகம் அதற்குப் பிறகுதான் மாறியது. அந்த ஆண்டுக்கு என்.ஆர்.ஐ. என்று சொல்லியே ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தார்; துபாய் ஃபிளாட்டின் வாடகையும், அது போய்ச் சேரும் அங்குள்ள வங்கிக் கணக்கும் அதில் எங்குமே இல்லை.

இந்தக் குழப்பம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. 2019-இல் ஐக்கிய அரபு அமீரகம் இந்த விசாவை அறிவித்ததிலிருந்து, குறிப்பாகத் திரை நட்சத்திரங்கள் அதைப் பெறும் படங்கள் செய்தித்தாள்களில் வரத் தொடங்கியதிலிருந்து, இதைப் பற்றி என்னிடம் கேட்காத வசதியான வாடிக்கையாளர்கள் குறைவு. (2024 மே மாதம் ரஜினிகாந்துக்கு அபுதாபியில் இந்த விசா கிடைத்ததும் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை எண்ணவில்லை.) கேட்பவர்களில் பெரும்பாலோர் மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். ஒரு நாட்டில் தங்க அனுமதி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. வருமான வரிச் சட்டத்தின்படி நாம் எந்த நாட்டுக் குடியிருப்பாளர் என்பது வேறு. ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணிச் சட்டம் நம்மை எப்படிப் பார்க்கிறது என்பது மூன்றாவது. கோல்டன் விசா பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டுமே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமீரகத்தின் சாதாரணக் குடியிருப்பு விசா வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அந்த விசா காலாவதியாகிவிடும்; கோல்டன் விசாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே போய் வாழாமலேயே விசாவைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏஜென்ட்டுகள் முதலில் சொல்லும் பெருமை. அந்தச் சலுகையை நம்பி ஊரிலேயே இருந்துவிடுபவர்தான் இந்திய வரிச் சட்டத்தின் கண்ணில் முழுமையான உள்நாட்டுக் குடியிருப்பாளராக நிற்கிறார். ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், எந்த நாட்டு விசா இருந்தாலும் அவர் இங்கே குடியிருப்பாளர்தான். வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு அவ்வப்போது ஊருக்கு வந்துபோகும் இந்தியக் குடிமகனுக்கும், இந்தியாவில் கிடைக்கும் வாடகை, வட்டி போன்ற வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், அந்த 182 நாள் வரம்பு 120 ஆகச் சுருங்கிவிடுகிறது. முந்தைய நான்கு ஆண்டுகளில் அவர் இங்கிருந்த நாட்கள் 365-ஐ எட்டியிருந்தால் இது பொருந்தும்.

2020-21 முதல் இன்னொரு விதியும் இருக்கிறது. வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனுக்கு இங்கிருந்து 15 லட்சத்துக்கு மேல் வருமானம் வந்தால், ஒரு நாள்கூட இந்தியாவில் கால் வைக்காவிட்டாலும் அவர் குடியிருப்பாளராகவே கருதப்படுவார். இதைக் கேட்டுத் துபாயிலிருந்து பயந்துபோய் அழைப்பவர்களுக்கு நான் உடனே சொல்வது, அங்கேயே ஈட்டி அங்கேயே பெறும் சம்பளத்துக்கு இதனால் இங்கே வரி வந்துவிடாது என்பதுதான். ‘சாதாரணக் குடியிருப்பாளர் அல்லாதவர்’ என்ற இடைப்பட்ட வகையில்தான் அவர் வைக்கப்படுகிறார். நம் ஏற்றுமதியாளரின் நிலை அப்படிப்பட்டதல்ல. அவர் ஆண்டுக்கணக்காக ஊரிலேயே இருப்பவர். அவருடைய துபாய் வாடகைக்கு அங்கே வருமான வரி இல்லை என்றாலும் இங்கே கணக்கில் காட்டியாக வேண்டும். வெளிநாட்டுச் சொத்துகளுக்கான அட்டவணையில் ஃபிளாட்டையும் வங்கிக் கணக்கையும் குறிப்பிட வேண்டும். குறிப்பிடத் தவறினால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமிருக்கிறது. 2024 அக்டோபர் முதல் மொத்தம் 20 லட்சம் ரூபாய் வரையிலான வெளிநாட்டுச் சொத்துகளுக்கு இந்த அபராதத்திலிருந்து விலக்கு அளித்தபோதும் வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்துகளை அதில் சேர்க்கவில்லை. டிசம்பர் கெடுவுக்குள் திருத்திய ரிட்டர்னைப் போட்டு, வரியையும் வட்டியையும் கட்டச் செய்தோம்.

அடுத்து, பணம் போன வழி. 20 லட்சம் திர்ஹாம் என்பது ஏறத்தாழ 5.45 லட்சம் டாலர். இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடியது 2.5 லட்சம் டாலர் மட்டுமே. ஆகவே ஒருவரே தனியாக வாங்க நினைத்தால் பணம் மூன்று நிதியாண்டுகளில் போக வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினால் மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று சட்டப்படியே முடித்துவிடலாம். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். (அனுப்பும்போதே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிக்கும். இது கூடுதல் வரி அன்று, ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனாலும் அத்தனை பெரிய தொகை மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இப்படி வெளிநாட்டில் சொத்து வாங்க அனுப்பும் பணத்துக்கென்று வங்கிகள் கடன் கொடுக்கவும் கூடாது.

இதையெல்லாம் கேட்டுச் சலித்தவர்களுக்காகவே, “இங்கே ரூபாயாகக் கொடுங்கள், அங்கே திர்ஹாமாக விழுந்துவிடும்” என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் அதற்கு உண்டியல் என்று பெயர். ஃபெமாவில் அதற்கான அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். அது மட்டுமல்ல, விதியை மீறி வெளிநாட்டில் சொத்து வைத்திருப்பதாக அமலாக்கத் துறை கருதினால், அதற்கு ஈடான மதிப்புள்ள இந்தியச் சொத்தைப் பறிமுதல் செய்ய 2015 முதல் சட்டத்தில் இடமிருக்கிறது. துபாய் ஃபிளாட்டுக்காகத் திருப்பூர் கம்பெனிக் கட்டடம் முடக்கப்படலாம் என்று சொன்னால்தான் பலருக்கும் உறைக்கிறது.

இவ்வளவும் சொல்வதால் அந்த விசாவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையிலேயே அங்கே வேலை செய்து வாழ்பவருக்கு அது பெரிய பலம். வேலை போனால் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டுமே என்ற கவலை இல்லை. விசாவுக்கு ஸ்பான்சர் தேவையில்லை. மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம். அவர் இறந்துவிட்டாலும் விசாக் காலம் முடியும் வரை குடும்பம் அங்கே இருக்கலாம். திறன்மிகு பணியாளர் பிரிவில் இதைப் பெறப் பட்டப் படிப்பும், உயர்நிலைப் பணியும், மாதம் 30,000 திர்ஹாம் அடிப்படைச் சம்பளமும் வேண்டும். அலவன்ஸ் எல்லாம் சேர்த்து 34,000 வாங்கும் பொறியாளர் ஒருவர், ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 19,000 என்று இருந்ததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு என்னிடம் வந்தார். பிழை சம்பளத்தில் இல்லை, அது பிரிக்கப்பட்டிருந்த விதத்தில் இருந்தது. பணம் கட்டுவதற்கு முன் அந்த ஒரு தாளை எடுத்துப் பார்த்திருந்தால் போதும்.

2025 ஜூலையில், இந்தியர்கள் சொத்து எதுவும் வாங்காமலே ஒரு லட்சம் திர்ஹாம், அதாவது ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய் கட்டினால் வாழ்நாள் முழுவதற்கும் கோல்டன் விசா கிடைக்கும் என்று ஒரு செய்தி பரவியது. சில நாட்களிலேயே அமீரகத்தின் அடையாளம், குடியுரிமைக்கான கூட்டாட்சி ஆணையம் அதை மறுத்தது. விண்ணப்பங்கள் அமீரகத்துக்குள் உள்ள அரசு வழிகளில் மட்டுமே ஏற்கப்படும், ஆலோசனை நிறுவனம் எதற்கும் அதில் அங்கீகாரம் இல்லை என்றும் தெளிவாகச் சொன்னது. துபாய்க்கான விண்ணப்பங்களை அங்குள்ள குடியிருப்பு இயக்குநரகம் கவனிக்கிறது. மறுப்பு வருவதற்குள்ளேயே என் வாடிக்கையாளர் ஒருவர் ஓர் ஏஜென்ட்டிடம் 50,000 ரூபாய் முன்பணம் கட்டியிருந்தார். திருப்பிக் கேட்கலாமா என்று ரசீதை எடுத்துவந்து காட்டினார். விசா என்ற சொல்லே அதில் இல்லை. ‘ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது.