அரே பயிற்சி: என்ன திரும்பி வந்தது, என்ன மாறியது?

ஜாவாஸ்கிரிப்ட் கற்பவர்களுக்கு அரே (மதிப்புகளின் வரிசைப் பட்டியல்) மெத்தடுகளின் (அதன்மேல் இயங்கும் கட்டளைகளின்) பெயர்கள் சீக்கிரமே மனப்பாடமாகிவிடும். சிக்கல் வேறு இடத்தில்தான். ஒரு மெத்தட் மூல அரேயையே மாற்றுகிறதா, எதை ரிட்டர்ன் செய்கிறது? பிரவுசர் கன்சோலில் ஒவ்வொரு வரியையும் ஓட்டும் முன் இந்த இரண்டுக்கும் விடையைத் தாளில் எழுதிவிட்டு என்டர் தட்டுங்கள். விடை தப்பும் இடமே நீங்கள் படிக்க வேண்டிய இடம்.

[10, 20, 30, 40, 50] என்ற அரேயை எடுத்துக்கொள்வோம். கடைசியில் 60ஐச் சேர்க்கப் புஷ்(60) கொடுத்தால் திரும்பி வருவது அரே அல்ல, புதிய நீளமான 6. இது தெரியாமல் 'பட்டியல் = பட்டியல்.புஷ்(60)' என்று எழுதினால் பட்டியல் வெறும் எண்ணாகிவிடும். அடுத்த புஷ், அப்படியொரு ஃபங்ஷனே இல்லை என்று எரர் கொடுக்கும். பாப் (கடைசியை நீக்குவது), ஷிஃப்ட் (முதலாவதை நீக்குவது) இரண்டும் நீக்கிய உறுப்பைத் தரும். அவற்றில் குழப்பம் குறைவு.

ஸ்லைஸ், ஸ்ப்ளைஸ் இரண்டையும் அதே ஐந்து எண்களில் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். ஸ்லைஸ்(1, 3) தருவது [20, 30]. மூல அரே அப்படியே இருக்கும். ஸ்ப்ளைஸ்(1, 3) தருவது [20, 30, 40]. மூலத்தில் மிஞ்சுவது [10, 50]. முன்னதில் 3 என்பது நிற்க வேண்டிய இன்டெக்ஸ் (0இலிருந்து எண்ணும் இட எண்), அந்த இடத்து உறுப்பு சேராது. பின்னதில் 3 என்பது நீக்க வேண்டிய எண்ணிக்கை.

சார்ட் இன்னும் வில்லங்கமானது. [3, 1, 2] கொடுத்தால் சரியாக வரிசைப்படுத்தும். அதை நம்பி நகர்ந்துவிடுவோம். [40, 100, 9] கொடுத்தால் [100, 40, 9] என்று வரும், ஏனென்றால் தானாக விட்டால் எண்களை ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) மாற்றித்தான் ஒப்பிடும். எண்ணாகவே ஒப்பிட, இரண்டு எண்களை 'அ - ஆ' என்று கழித்து ரிட்டர்ன் செய்யும் ஃபங்ஷனை உள்ளே கொடுக்க வேண்டும். பயிற்சிக்கு ஒற்றை இலக்க எண்களை மட்டும் வைக்காதீர்கள். சார்ட் மூலத்தையும் மாற்றும், திரும்பி வருவதும் அதே அரேதான்; புதுப் பெயரில் வாங்கி வைத்தாலும் நகல் ஆகாது. கான்ஸ்ட் (பெயருக்கு வேறு மதிப்பு வைக்கவிடாத அறிவிப்பு) போட்டிருந்தாலும் உள்ளிருப்பவை மாறும். நகல் வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்டின் 2023 பதிப்பில் வந்த டூசார்ட்டட் இருக்கிறது.

சத்தமே இல்லாமல் டேட்டாவைக் கெடுப்பது நீக்கும் வேலைதான். இன்டெக்ஸ்ஆஃப் தேடியது கிடைக்காவிட்டால் -1 தரும். அதைச் சோதிக்காமல் ஸ்ப்ளைஸுக்குக் கொடுத்து ஒன்றை நீக்கச் சொன்னால், -1 கடைசி உறுப்பைக் குறிப்பதால் சம்பந்தமில்லாத அது போய்விடும். எரர் எதுவும் வராது. லூப்புக்குள் நீக்கும்போதும் இதே கதைதான்: [5, 5, 8] இல் முன்னிருந்து 5ஐ நீக்கிக்கொண்டே போனால், முதல் 5 போனதும் இரண்டாவது 5 அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும்; லூப் அதைப் பார்க்காமலே தாண்டிவிடும். பின்னிருந்து முன்னாக ஓட்டுங்கள், அல்லது ஃபில்டர் கொண்டு வேண்டியதை மட்டும் புதிய அரேயில் எடுங்கள்.