வரித்தழும்பு: நிறம் பார்த்துச் சிகிச்சை

வயிற்றிலும் தொடையிலும் விழுந்த வரித்தழும்பை அடியோடு நீக்க முடியுமா என்று கேட்டு வருபவர்களிடம், நீக்க முடியாது, மங்கச் செய்யலாம் என்றே சொல்கிறேன். தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் அறுந்து ஆறிய வடு அது. கர்ப்ப காலத்தில் வயிற்றைச் சொறிந்ததால்தான் கோடு விழுந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் உண்மை இல்லை. தேங்காய் எண்ணெயும் கோகோ வெண்ணெயும் அரிப்பைத் தணிக்கும், ஆனால் தழும்பு வராமல் தடுப்பதாக நிரூபணம் ஆகவில்லை.

சிகிச்சையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தழும்பின் நிறம்தான். சிவப்பாகவோ ஊதாவாகவோ இருந்தால் அது புதிது. பலன் கிடைக்க ஏற்ற காலமும் அதுவே. இரவில் பூசும் ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகைக் களிம்பு சில மாதங்களில் இக்கோடுகளை ஓரளவு குறைக்கும் என்றாலும், கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சிவப்பைத் தணிக்க 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர் உதவும். வெளுத்துவிட்ட பழைய கோடுகளுக்கு, நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங், லேசர் ஒளியைப் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சும் ஃபிராக்‌ஷனல் லேசர் ஆகியவை உண்டு. இவற்றை 4 முதல் 6 வார இடைவெளியில் பல முறை செய்தால் தோலின் சுருக்கம் சீராகும், போன நிறம் திரும்புவதுதான் கடினம்.

சென்னையில் நான் பார்ப்பது பெரும்பாலும் மாநிறத் தோலும் கருநிறத் தோலும்தான். இத்தகைய தோலில் கார்பன் டை ஆக்ஸைடு லேசரைக் கூடுதல் வீரியத்தில் செலுத்தினால், தழும்பைவிடக் கண்ணை உறுத்தும் கருமை படர்ந்து, அது தெளியவே பல மாதங்கள் ஆகலாம். அதனால் மைக்ரோநீட்லிங்கில் தொடங்குவதே என் வழக்கம். லேசர் தேவைப்பட்டால் மறைவான சிறு இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே மற்ற இடத்துக்குப் போகிறேன். சேலை கட்டுபவர்கள், இடுப்பில் சிகிச்சை முடிந்த சில நாட்களுக்காவது பாவாடை நாடாவை அந்த இடத்தில் இறுக்காமல் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் வியர்வையும் நாடாவின் உராய்வும் சேர்ந்தால், நாடா பதிந்த வாக்கிலேயே தோல் கறுத்துப்போகும்.

தவிர்த்திருக்கக் கூடிய தழும்புகள்தான் எனக்கு அதிக வருத்தம் தருகின்றன. தொடையிடுக்கில் படை என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய களிம்பை மாதக்கணக்கில் பூசிய இளைஞர்களுக்கு, அங்கேயே அகன்ற கோடுகள் விழுந்திருக்கும். டியூப்பைக் கொண்டுவரச் சொன்னால், பொடி எழுத்தில் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற, தோலை மெலியச் செய்யும் ஸ்டீராய்டின் பெயர் இருக்கும். பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு ஆணையிட்ட பிறகும் அவை எளிதாகவே கைக்கு வருகின்றன.

வளரும் பிள்ளைகளின் முதுகில் குறுக்காக விழும் கோடுகள் பெரும்பாலும் காலப்போக்கில் மங்கிவிடும். ஆனால் 1 சென்டிமீட்டருக்கும் அகலமான கருஞ்சிவப்புக் கோடுகளோடு முகம் உப்புதல், உயர் இரத்த அழுத்தம், சிறு இடிக்கே தோல் கன்றிப்போதல் ஆகியவையும் சேர்ந்திருந்தால், உடலே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் மிகுந்திருக்கிறதா என்று பார்க்க, முதலில் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். தழும்பைப் பற்றிய பேச்சை அதன் முடிவு வந்த பிறகு வைத்துக்கொள்கிறோம்.