குண்டு வார்ப்பவர் வீட்டுக்குள் வரும் ஈயம்

வயிற்றுவலியோடு வந்தவருக்கு 45 வயது. மூன்று மாதமாக வலி விட்டுவிட்டு வருகிறது, மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் எரிச்சல், சரியான தூக்கமில்லை. எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாகிவிட்டது. எல்லாமே நார்மல். தடித்த ஃபைலை மேசைமேல் வைத்தார். புரட்டிப் பார்த்தேன். ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"ரைஃபிள் ஷூட்டிங் போவேன் டாக்டர். தோட்டா விலை கொடுத்து வாங்கிக் கட்டுப்படியாகாது. குண்டை நானே ஈயத்துல வார்த்துக்குவேன். சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூடுகளையே திரும்ப நிரப்பிக்குவேன்."

ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொன்னேன். டெசிலிட்டருக்கு 42 மைக்ரோகிராம் வந்தது.

அவரால் நம்ப முடியவில்லை. ஷெட்டின் கதவைத் திறந்துவைத்து, மின்விசிறி போட்டுத்தான் ஈயம் உருக்குகிறார். வெப்பமானி வைத்து 400 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார். அந்த வகையில் அவர் செய்தது சரிதான். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், ஆனால் கொதிக்க 1,749 டிகிரி வேண்டும். குண்டு வார்க்கும் சூட்டில் ஈய ஆவி மிகக் குறைவு. பானைமேல் எழும் புகையில் பெரும்பகுதி, கசடைப் பிரிக்கப் போடும் மெழுகும் பழைய அழுக்கும் எரிவதுதான். அந்தப் புகைக்குப் பயப்படுகிற அளவுக்குத் தூசிக்கு யாரும் பயப்படுவதில்லை.

அப்புறம் அவர் மொபைலில் ஒரு வீடியோ காட்டினார். சுட்ட பித்தளைக் கூடுகளை மக்காச்சோளத் தக்கைத் தூளோடு சேர்த்து அதிரும் இயந்திரத்தில் போட்டு மெருகேற்றுகிறார். ஒரு மணி நேரம் கழித்துச் சல்லடையில் கொட்டி ஆட்டுகிறார். ஜன்னல் வழியே வரும் வெயிலில் சாம்பல் நிறத் தூசி எழுந்து மெதுவாக அடங்குகிறது. பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம். ஒரு சிறுவன் குனிந்து, பளபளக்கும் கூடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போடுகிறான்.

"பையன் டாக்டர். ஆறு வயசு. இந்த வேலைன்னா அவனுக்கு உயிர்."

நான் வீடியோவை நிறுத்தச் சொன்னேன். மறுநாள் பையனுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தோம். 11.

தோட்டாவின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிதான் பிரைமர். பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுடும்போது அது வெடித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகிக் கூட்டின் உட்புறத்தில் படிகிறது. மெருகேற்றும் தூள் அதையெல்லாம் துடைத்து எடுத்துக்கொள்கிறது. ஆக, பழைய மெருகுத்தூள் என்பது ஈயம் கலந்த மாவு. பானையிலிருந்து கரண்டியால் வழித்தெடுக்கும் கசடும் அப்படித்தான்: சாம்பல் போல லேசானது, தட்டினால் பறக்கும். அது கையில் ஒட்டி, அந்தக் கை தேநீர்க் கோப்பைக்கும் சிகரெட்டுக்கும் உதட்டுக்கும் போகிறது. சட்டையிலும் செருப்பிலும் ஒட்டிக் கார் இருக்கைக்கும் சோபாவுக்கும் வருகிறது.

பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கோ சற்று அதிகமோதான் உடலில் சேரும். குழந்தைகளுக்கு ஏறத்தாழ பாதி சேர்ந்துவிடும். வளரும் மூளைக்கு ஏற்படும் சேதத்தைப் பிறகு மருந்து கொடுத்து மீட்க முடியாது. அதனால்தான் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021இல் குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவை 5இலிருந்து 3.5ஆகக் குறைத்தது. அதுவும் பாதுகாப்பான அளவு என்று பொருளில்லை. பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று தெரியவில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

"எனக்கு 30தானே, 60 வரை போகலாமாமே" என்று சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அந்த 60, அமெரிக்காவில் 1978இல் எழுதிய தொழிலிட விதியில் தொழிலாளியை ஈய வேலையிலிருந்து விலக்கச் சொல்லும் எண். அதற்கு எவ்வளவோ கீழேயே ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பாதிக்கப்படுவது இன்று நன்றாகத் தெரியும். ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையலாம், எலும்பில் புகுந்தது பல பத்தாண்டுகள் தங்கும். கால்சியம் என்று ஏமாந்து எலும்பு அதைச் சேமித்துக்கொள்கிறது. கர்ப்ப காலத்தில் எலும்பு கால்சியத்தைக் கொடுக்கும்போது ஈயமும் கூடவே வெளியேறி, நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குப் போகிறது. பெண்கள் இந்தப் பொழுதுபோக்கில் இருந்தால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈயத்தை வெளியேற்ற மருந்து கொடுங்கள் என்று கேட்டார். இருக்கிறது. ஆனால் அவருடைய அளவுக்கு அதைவிட முக்கியம் வழியை அடைப்பது. தூசிக்குள் இருந்துகொண்டே அந்த மருந்தைச் சாப்பிட்டால் நன்மையைவிடத் தீமைதான் அதிகம்.

அவர் செய்த மாற்றங்கள் எளிமையானவை. உலர்தூளை விட்டுவிட்டு, தண்ணீரில் எஃகு ஊசிகளோடு கூடுகளைக் கழுவுகிறார். ஈரத்தில் தூசி பறக்காது. அந்தக் கழிவுநீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதில்லை. தரையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கிறார். கசடை மூடியுள்ள டப்பாவில் உடனே போடுகிறார். ஷெட்டுக்கென்று தனிச் சட்டை, தனிச் செருப்பு. அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்கிறார். உள்ளே சாப்பாடு, தண்ணீர் எதுவும் கிடையாது. சாதாரண சோப்பு ஈயத்தை முழுதாக எடுக்காது என்பதால், அதற்கென்றே விற்கும் ஈயநீக்கித் துடைப்பான்களை வாங்கி வைத்திருக்கிறார்.

ஈய நஞ்சு சாராத இன்னொரு ஆபத்து: தண்ணீர் பட்ட ஈயத் துண்டை உருகிய பானையில் போடாதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். மொத்தப் பானையும் முகத்தில் அடிக்கும். பழைய பேட்டரித் தகடுகளையும் உருக்காதீர்கள். அதன் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன் என்ற கொடிய விஷவாயு உண்டாகலாம்.

மூன்று மாதம் கழித்து அவருக்கு 24, பையனுக்கு 6. வயிற்றுவலி நின்றுவிட்டது. பையனுக்கு இரும்புச்சத்துக் குறைவும் இருந்ததால் அதற்கு மருந்து கொடுத்துவருகிறோம்; இரும்பு குறைந்த உடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். அடுத்த மாதம் இருவரும் மறுபடி ரத்தம் கொடுக்க வருகிறார்கள். இந்த முறை மனைவியையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சட்டைகளை இத்தனை வருடம் உதறித் துவைத்தவர் அவர்தான்.