14 பைட் கொடுத்தால் பைதான் ஏன் 16 கேட்கிறது?

பிஎம்பி படக் கோப்பின் தலைப்பை (கோப்பைப் பற்றிய விவரம் இருக்கும் தொடக்கப் பகுதி) பைதான் நிரல்மொழியில் படிக்க முயன்ற வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தலைப்பு 14 பைட் என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. 14 பைட்டைக் கொடுத்தால் 16 வேண்டும் என்று பிழை வருகிறது. எது சரி?"

கோப்பு சரி. பைதானும் தனக்குச் சொன்னதைத்தான் செய்கிறது. தலைப்பில் முதல் 2 பைட் 'பிஎம்' என்ற எழுத்துகள், அடுத்த 4 கோப்பின் அளவு, பிறகு ஒதுக்கி வைத்த இரண்டு 2 பைட் எண்கள், கடைசி 4 படப்புள்ளிகள் தொடங்கும் இடம். பைட்டுகளை எண்களாகப் பிரித்துத் தரும் பைதானின் ஸ்ட்ரக்ட் மாட்யூலில் 2 பைட்டுக்குப் பெரிய 'எச்' (H), 4 பைட்டுக்குப் பெரிய 'ஐ' (I). வாசகர் எழுதியது எச், ஐ, எச், எச், ஐ. எழுத்தில் தவறில்லை. முன்னால் ஒரு குறி விட்டுப்போயிற்று.

குறி இல்லையென்றால், சி மொழி நினைவகத்தில் அடுக்குவதுபோல அடுக்கச் சொல்கிறோம் என்று பைதான் எடுத்துக்கொள்ளும். 4 பைட் எண் 4-ஆல் வகுபடும் இடத்தில் தொடங்கினால் செயலிக்கு எடுப்பது எளிது. அதனால் முதல் 2 பைட்டுக்குப் பிறகு 2 பைட்டைக் காலியாக விட்டு, 4-ஆம் இடத்தில் (0-இலிருந்து எண்ணினால்) அடுத்த எண்ணை வைக்கிறது. அந்த நிரப்புதான் 14-ஐ 16 ஆக்குகிறது. கோப்பிலோ நிரப்பு கிடையாது. எல்லாம் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே பலர் செய்வது, கோப்பிலிருந்து படிக்கும் பைட்டை 14-இலிருந்து 16 என்று மாற்றிவிடுவது. பிழை மறைந்துவிடும், ஆபத்தும் அங்கேதான் தொடங்கும். 100-க்கு 100 புள்ளி, 24 பிட் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோப்பின் அளவு 30054. அது 102, 117, 0, 0 என்று சிறிய பைட் முன்னால் வர எழுதப்பட்டிருக்கும் (117 × 256 + 102). நிரப்பு என்று நினைத்துப் பைதான் தாண்டுவது இந்த 102-ஐயும் 117-ஐயும்தான். அளவு 0 என்று வரும். படப்புள்ளி தொடங்கும் இடம் 54 என்று வரவேண்டியது, இந்த 14 பைட்டை அடுத்து வரும் இன்னொரு தலைப்பின் முதல் எண்ணான 40-ஐயும் இழுத்துக்கொண்டு 2621440 ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. எண்ணை மாற்றிப் பார்த்து ஓடினால் போதும் என்பது மந்திரித்துக் கயிறு கட்டுவதற்குச் சமம்.

மருந்து ஒரே எழுத்து: எச், ஐ என்று எழுதும் வடிவச் சரத்தின் தொடக்கத்தில் 'விடச் சிறியது' குறியான '<'. சிறிய பைட் முன்னால், நிரப்பு வேண்டாம் என்று இரண்டையும் அது சொல்லிவிடும். கோப்பையோ வலையிலிருந்து வரும் தரவையோ படிக்கும்போது அந்தத் தரவின் பைட் வரிசைக்கு ஏற்ற இப்படி ஒரு குறி இல்லாமல் ஒரு வரிகூட எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அவருடைய இரண்டாவது சிக்கல் மாறியின் எல்லை. பைதான் 3-இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்; அவரும் கோப்பில் எதுவரை படித்தோம் என்பதைக் குறிக்க 'இடம் = 0' என்று வெளியே எழுதி, ஃபங்ஷனுக்குள் 'இடம் += 14' என்கிறார். உடனே அன்பவுண்ட் லோக்கல் எரர். ஃபங்ஷனை ஓட்டுவதற்கு முன்பே பைதான் அதன் உடல் முழுவதையும் பார்த்து, எங்காவது மதிப்பு இடப்படும் பெயரை உள்ளூர் மாறி (அந்த ஃபங்ஷனுக்குள் மட்டும் இருப்பது) என்று முடிவுகட்டிவிடுகிறது. கூட்டுவதற்கு உள்ளூர் 'இடம்' தேவை, அதற்கு இன்னும் மதிப்பே இல்லை. கடைசி வரியில் மதிப்பு இட்டாலும் முதல் வரியில் அந்தப் பெயரைக் காட்டும் பிரிண்ட் இதே பிழையில் விழும். 'குளோபல்' என்று அறிவித்தால் ஓடும். ஆனால் இடத்தை ஃபங்ஷனுக்கு உள்ளீடாகக் கொடுத்து, புதிய இடத்தை ரிட்டர்ன் செய்வது நல்லது. இரண்டு கோப்புகளை ஒரே நேரத்தில் படித்தாலும் குழம்பாது.

அடுத்துப் படத்தின் அகலம், 0-இலிருந்து எண்ணினால், 18-ஆம் பைட்டிலும் உயரம் 22-ஆம் பைட்டிலும் கிடைக்கும். இரண்டுக்கும் எதிர்மறை எண்ணையும் படிக்கும் சிறிய 'ஐ' (i) போடுங்கள். மேலிருந்து கீழாக எழுதப்பட்ட படங்களில் உயரம் எதிர்மறை எண்ணாக இருக்கும். பெரிய 'ஐ' போட்டால் -100 என்பது 4294967196 என்று வந்து நிற்கும்.