சைக்கிள் டயர் ஏன் 'உர்ர்ர்' என்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்குள் திருவான்மியூரில் கிளம்பி, ஈசிஆர் எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கோவளம் போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது எங்கள் வழக்கம். போக வர ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். என் மச்சான் என்னைவிடப் பத்து வயது சின்னவன், தினமும் ஜிம்முக்குப் போகிறவன், போன வருடம் ஒரு மவுண்டன் பைக் வாங்கினான். நான் ஓட்டுவது ஹைப்ரிட், அதாவது வழவழப்பான டயரோடு ரோட்டுக்கு ஏற்ற சைக்கிள். அக்கரை தாண்டுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். திரும்பிப் பார்க்காமலே அவன் எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்று சொல்லிவிடுவேன், ஏனென்றால் தார் ரோட்டில் அவன் டயர் 'உர்ர்ர்' என்று கத்திக்கொண்டே வரும்.

அந்தச் சத்தத்தில் வீணாகிற சக்தி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் அவன் காலுழைப்பில் பெரிய பங்கு போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் கையில் இருக்கும் சரக்கு எவ்வளவு என்று பார்ப்போம். ஆபீஸ் வேலை பார்க்கிற சாதாரண ஆள் பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் மிதித்தால் கொடுக்கக்கூடியது 75 முதல் 100 வாட். வீட்டில் ஓடும் சீலிங் ஃபேன் இழுக்கிற அளவு, அவ்வளவுதான். சைக்கிள் வாங்குவது என்பது இந்த ஒரு ஃபேன் அளவு சக்தியை எது எது தின்னலாம் என்று முடிவு செய்கிற வேலை.

டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகிறது, சக்கரம் சுற்றியதும் பழைய வடிவத்துக்கு வருகிறது. ரப்பர் பந்தைக் கீழே போட்டால் போட்ட உயரத்துக்குத் திரும்பி வராதது மாதிரி, ரப்பர் வளைவதற்கு வாங்கிய சக்தியை நிமிரும்போது முழுசாகத் திருப்பித் தராது, மிச்சம் சூடாகப் போய்விடும். மவுண்டன் பைக் டயரில் கட்டை கட்டையாக நிற்கும் ரப்பர் ஒவ்வொன்றும் தரையில் பட்டதும் தனித்தனியாக நசுங்கி, நெளிந்து, விடுபடுகிறது. 'உர்ர்ர்' என்பது அதுதான்.

கணக்காகப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுமாரான வழவழப்பு டயருக்கு உருளும்போது எடையில் 0.5 சதவீதம் அளவுக்கு இழுவை இருக்கும், விலை குறைந்த கட்டை டயருக்கு அது 1 சதவீதம்கூட ஆகலாம். மணிக்கு 18 கிலோமீட்டரில் போனால் முதலாவது 22 வாட் தின்கிறது, இரண்டாவது 44 வாட். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர் அதே வேகத்தில் காற்றைக் கிழிக்கச் சுமார் 45 வாட் கொடுக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள். நான் 67 வாட்டில் கதை பேசிக்கொண்டு போகிறேன், பக்கத்தில் வர அவனுக்கு 89 வாட் வேண்டும். ஜிம்முக்குப் போனாலும் அந்த 22 வாட்டைச் சும்மா யாரும் தரப்போவதில்லை.

வேகம் கூடினால் கதை மாறும். காற்றுக்கான வாட் வேகத்தின் மும்மடியில் ஏறும், 25 கிலோமீட்டரிலேயே காற்று மட்டும் 120 வாட் கேட்கும். ரேஸ் ஓட்டுகிறவர்கள் குனிந்து குனிந்து போவது அதனால்தான். நம்மைப் போல மெதுவாகப் போகிறவர்களுக்குக் காற்றுக்கு நிகராக டயரும் முக்கியம்.

'அப்போ ஒல்லி டயர்தான் நல்லதா?' என்றால், இல்லை. ஒரே காற்றழுத்தத்தில் அகலமான டயர் கொஞ்சம் சுலபமாகவே உருளும், ஏனென்றால் தரையில் படும் பகுதி அகலமாகவும் குட்டையாகவும் இருப்பதால் டயர் அவ்வளவு ஆழமாக அமுங்குவதில்லை. வழவழப்புதான் கணக்கு. நம்மூர் ஸ்பீட் பிரேக்கர், ரோட்டோர மணல், ஜல்லி பெயர்ந்த பள்ளம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் 38, 40 மில்லிமீட்டர் அகல டயரைத்தான் நான் சொல்வேன்.

காற்று பற்றியும் ஒரு வார்த்தை. பின் சக்கரத்தின் மேல் 50 கிலோ இருக்கிறது, உள்ளே 50 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று இருக்கிறது என்றால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 14 சதுர சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. காற்று இறங்கி 25 ஆனால் பரப்பு இரண்டு மடங்கு, நசுங்கலும் கூடுகிறது. கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து 'இருக்கு இருக்கு' என்பது வேலைக்கு ஆகாது. கேஜ் வைத்த பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், டயரின் பக்கவாட்டில் எவ்வளவு அடிக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள்.

சரி, பிறகு அந்தக் கட்டை டயரை எதற்குக் கண்டுபிடித்தார்கள்? அது பிறந்த இடம் வேறு. 1970களில் கலிபோர்னியாவின் மாரின் கவுண்டியில் சில இளைஞர்கள் ஷ்வின் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய சைக்கிள்களில் தடி டயர் மாட்டிக்கொண்டு மலையிலிருந்து மண் பாதையில் பாய்ந்து இறங்குவார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக், இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் (சக்கரத்தின் நடுக் குடத்தில்) இருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். 1976ல் அவர்கள் ஆரம்பித்த பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது அதனால்தான். அடுத்த வருடமே அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இதற்கென்றே தனியாக ஒரு சைக்கிள் கட்டினார். உதிரி மண்ணில் கட்டை ரப்பர் நகம் மாதிரி ஊன்றிப் பிடிக்கும், அங்கே அதற்கு ஈடு கிடையாது. தாரில் ஊன்ற என்ன இருக்கிறது?

அடுத்தது முன்னால் இருக்கும் ஷாக். மச்சானோடு கடைக்குப் போன அன்று விற்பனையாளர் ஹேண்டில்பாரை இரண்டு தடவை 'தொம் தொம்' என்று அமுக்கிக் காட்டினார், அது துள்ளி எழுந்தது, இவன் முகத்திலும் ஒரு துள்ளல். நியாயமாக அந்தத் துள்ளல்தான் நமக்கு மணி அடிக்க வேண்டும். ஆபீஸ் கதவின் மேலே டோர் குளோசர் ஒன்று மாட்டியிருப்பார்களே, உள்ளே ஸ்பிரிங் கதவை இழுக்கும், எண்ணெய் சின்ன ஓட்டை வழியாக ஓடி அந்த வேகத்தைக் குறைக்கும், அதனால் கதவு 'டமார்' என்று அடிக்காமல் மெதுவாக மூடும். நல்ல ஷாக்கும் அப்படித்தான், ஸ்பிரிங் வாங்கிய அடியை எண்ணெய் சூடாக்கிக் கரைக்கிறது. 15,000 முதல் 25,000 ரூபாய் சைக்கிளில் பெரும்பாலும் ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் வாங்கிய அடியை அப்படியே கைக்குத் திருப்பித் தரும், எழுந்து நின்று மிதித்தால் கால் கொடுக்கிற சக்தியில் கொஞ்சத்தை மேலும் கீழும் ஆடித் தீர்க்கும்.

சமதளத்தில் அதன் எடை பெரிய விஷயமில்லை, 90 கிலோவில் ஒன்றோ இரண்டோ கூடினால் என்ன. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் குடியிருந்தால் தெரியும். எனக்கு உறுத்துவது வேறு: மொத்தப் பணம் அதேதான், ஷாக்குக்குப் போனது ஹப்பிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் வந்திருக்கும். ஊரில் மண் ரோடு, வரப்பு, ஏரிக்கரை என்றுதான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் தாராளமாக மவுண்டன் பைக் வாங்குங்கள், டயரில் 30 பிஎஸ்ஐ வையுங்கள். இந்த விலையில் கிடைக்கிற நல்ல ஷாக் அந்தத் தடித்த டயர்தான்.

கியர் விஷயத்தில் எல்லோரும் எண்ணைத்தான் கேட்கிறார்கள். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, ஆக 21. முன்னால் 42, 34, 24 பல், பின்னால் 14 முதல் 28 பல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 42ஐ 28ஆல் வகுத்தால் 1.5. 24ஐ 16ஆல் வகுத்தாலும் 1.5. 34க்கு 24 என்றால் 1.42, அதுவும் கிட்டத்தட்ட அங்கேயேதான். இப்படி ஒன்றின் மேல் ஒன்று விழுவதைக் கழித்தால் உருப்படியாக மிஞ்சுவது பதினொன்றோ பன்னிரண்டோ.

கேட்க வேண்டியது இருப்பதிலேயே இலகுவான கியர் எவ்வளவு இலகு என்பதை. ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ ஒரு நாள் ஏறிப் பார்க்கும் ஆசை இருக்கிறது என்று வையுங்கள். 6 சதவீத ஏற்றத்தில் (நூறு மீட்டர் போனால் ஆறு மீட்டர் உயரம்) 90 கிலோவைப் புவியீர்ப்பு சுமார் 53 நியூட்டன் விசையில் பின்னால் இழுக்கிறது. முன்னால் 24, பின்னால் 28 போட்டால் ஒரு மிதிச் சுற்றுக்குச் சைக்கிள் 1.9 மீட்டர் நகரும், நொடிக்கு ஒரு சுற்று மிதித்தால் ஏற்றத்துக்கு மட்டும் 100 வாட், மணிக்கு 7 கிலோமீட்டர். மெதுவாக, ஆனால் போய்ச் சேரலாம். முன்னால் ஒரே ஒரு 42 பல்தான் என்றால் அதே மிதிக்கு 3.3 மீட்டர், 175 வாட். இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இறங்கித் தள்ள வேண்டியதுதான். கொல்லிமலையில் இருப்பதோ எழுபது.

பின்னால் இருக்கும் பல்சக்கரத் தொகுதி ஹப்பில் திருகி மாட்டும் ஃப்ரீவீலா, செருகி மாட்டும் கேசட்டா என்றும் கேளுங்கள். ஃப்ரீவீலில் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் வலது பக்கம் தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். கனமான ஆள் பள்ளத்தில் விட்டு விட்டு ஓட்டினால் ஒரு நாள் வளையும், இல்லை உடையும். கேசட் ஹப்பில் பேரிங் ஓரத்துக்கு வந்துவிடுவதால் அந்தத் தொல்லை குறைவு. பிரேக்கில் நான் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஐப்பசி மழையில் ரிம் நனைந்தால், ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் வி-பிரேக் பிடிக்க ஓரிரண்டு சுற்று ஆகும், ஹப்பில் இருக்கும் தட்டைக் கவ்வும் டிஸ்க்குக்கு அந்தப் பிரச்சினை குறைவு. ஆனால் மலிவான கேபிள் டிஸ்க் லேசாக வளைந்தாலே 'சர் சர்' என்று உரசும், வி-பிரேக் ரப்பரைத் தெருமுனைக் கடையில் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். சைஸ் சரியாக இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது: சைக்கிளின் குறுக்கே இரண்டு காலையும் ஊன்றி நின்றால் மேல் கம்பிக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல்கடை இருக்கட்டும்.

ஏற்கெனவே மவுண்டன் பைக் வாங்கிவிட்டவர்கள் மனசு உடைய வேண்டாம். மச்சான் டயரின் ஓரத்தில் 29 × 2.25 என்று பெரிதாகவும், அடியில் 57-622 என்று சின்னதாகவும் எழுதியிருந்தது. என் டயரில் 700 × 38சி, அடியில் 38-622. பெயர்தான் வேறு, டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் இரண்டிலும் அதே 622 மில்லிமீட்டர். ரிம்மின் அகலம் ஒத்துவருமா என்று கடையில் கேட்டுக்கொண்டு 40 மில்லிமீட்டரில் இரண்டு வழவழப்பு டயர் மாட்டி, 50 பிஎஸ்ஐ அடித்தோம்.

அடுத்த ஞாயிறு அக்கரை தாண்டித் தண்ணீர் குடிக்க நின்றேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை, பையன் ரொம்பப் பின்தங்கிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நிதானமாகவே மிதித்தேன். முட்டுக்காடு பாலத்தை நெருங்கினால், சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு இளநீரில் பாதியைக் குடித்து முடித்திருந்தான்.