ஈரம் தெரியும் இடத்தில் ஓட்டையைத் தேடாதீர்கள்

மாடி பாத்ரூமுக்குக் கீழே கூரையில் ஈரம் தெரிந்தால், பெரும்பாலும் முதலில் வருபவர் பெயின்டர். சுரண்டி, பட்டி பார்த்து, நீர்த்தடுப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் அதே இடம் உப்புப் பூத்து உதிரும். பிளம்பரான என்னைக் கூப்பிடுவது அதற்கப்புறம்தான். அதற்குள் கான்கிரீட்டின் உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

கீழிருந்து அடைத்தால் கசிவு நிற்காது. தண்ணீர் வேறு பக்கம் வழி தேடிக்கொள்ளும், அவ்வளவுதான். ஓட்டை ஓரிடத்தில் இருக்க, ஈரம் சில அடி தள்ளித் தெரிவது சகஜம். அதனால் டைல்ஸை உடைக்கச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் துப்பறிய வேண்டும்.

கசிவது நல்ல தண்ணீர்க் குழாயா, கழிவுநீர்க் குழாயா? நல்ல தண்ணீர்க் குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருப்பதால், வீடு பூட்டிக் கிடந்தாலும் சொட்டும். கழிவுக் குழாயில் நாம் ஊற்றினால்தான் தண்ணீர் ஓடும். வால்வுகளை மூடாமல், அந்தப் பாத்ரூமை மட்டும் இரண்டு மூன்று நாள் புழங்காமல் வையுங்கள். ஈரம் வற்ற ஆரம்பித்தால் கழிவுப் பக்கம்தான் கோளாறு. நாற்றம் இல்லையே என்று ஏமாற வேண்டாம். குளித்த தண்ணீர் கசிந்தால் பெரிதாக நாறாது.

அப்புறம் சாயத் தண்ணீர். டாய்லெட்டில் ஒரு நிறம், தரை ட்ராப்பில், அதாவது குளித்த தண்ணீர் இறங்கும் துவாரத்தில், வேறு நிறம் ஊற்றிவிட்டு, கீழே எந்த நிறம் இறங்குகிறது என்று பாருங்கள். குழாய் வெளியே தெரிந்தால் இன்னும் சுலபம். ஜாயின்ட்டைத் துணியால் ஒட்டத் துடைத்து, டிஷ்யூ பேப்பர் சுற்றி, மேலே ஒருவரை ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள். பேப்பர் எந்த ஓரத்தில் முதலில் நனைகிறதோ, அங்கேதான் ஓட்டை. நான் பார்த்தவரை பைப் நடுவில் வெடிப்பது அபூர்வம். எல்போ (குழாய் திரும்பும் வளைவு), டீ (மூன்று குழாய் சேரும் இணைப்பு), ட்ராப்பின் கழுத்து, இவற்றில்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். போதுமான கிளாம்ப் இல்லாமல் தொங்கும் பைப் தன் பாரத்தாலேயே ஜாயின்ட்டை இழுத்துவிடும்.

ஈரத்தின் மேல் எபாக்ஸியை அப்பிப் பயனில்லை. உலரவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டினால் கொஞ்ச நாள் தாங்கும். நிரந்தரத் தீர்வு, பழுதான துண்டை வெட்டிப் புதிது போடுவதுதான். போடும்போது 4 அங்குலக் குழாய்க்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் அளவுக்கு வாட்டம் (சரிவு) இருக்கட்டும்.

மண்ணுக்கடியில் கசிந்தால் சங்கதி வேறு. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியோ விரிசல் விட்ட குடிநீர்க் குழாயோ இருந்தால் கழிவுநீர் அதில் கலக்கும். குழாயில் அழுத்தம் இறங்கும் நேரத்தில் விரிசல் வழியாக வெளித் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் வரும் வழிகளில் இதுவும் ஒன்று. சந்தேகம் வந்த உடனே அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சேம்பருக்குள்ளோ (கழிவுக் குழாய்கள் சேரும் தொட்டி) செப்டிக் டேங்கிலோ யாரையும் இறக்கவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய், அழுகிய முட்டை வாடைகூடத் தெரியாது.

வேலை முடிந்ததும் உடனே பூசவிடாதீர்கள். கீழ் முனையை அடைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து அரை மணி நேரம் பாருங்கள். இறங்கவில்லை என்றால் சரி. மூடுவதற்கு முன் அளவு டேப்பை வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து சுவரில் துளை போட வருபவருக்குக் குழாய் போகும் பாதை தெரியும்.